கைப்பிடியை அமுக்கியாயிற்று, முடிச்சு இறுகியதா? சிறு கீறல் வால்வு அறுவையில் தானியங்கித் தையல் கருவி, அறிகுறி வாரியாக

வலது மார்பில் இரண்டாவது அல்லது மூன்றாவது விலா இடைவெளியில் ஐந்தாறு சென்டிமீட்டர் கீறல். அதன் வழியே அயோர்ட்டிக் வால்வை (இடது கீழறையிலிருந்து அயோர்ட்டா என்ற பெருந்தமனிக்குப் போகும் வாசல்) மாற்றும்போது விரல் வால்வு வரை எட்டுவதில்லை. மைட்ரல் (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு) என்றால் நான்காவது இடைவெளி, ஆழம் இன்னும் கூடுதல். ஒரு வால்வுக்குப் பொதுவாக 12 முதல் 16 மெத்தைத் தையல்கள் (இரண்டு இடத்தில் குத்தி U வடிவில் வருபவை). ஒவ்வொன்றையும் கையால் முடிந்தால் ஐந்தாறு சுற்று. அத்தனையும் நாட் புஷரால் (முடிச்சைத் தள்ளும் நீளக் குச்சி) குழிக்குள் தள்ளி இறுக்க வேண்டும், அதுவும் அயோர்ட்டாவைக் கிளாம்ப் போட்டு மூடி இதயம் நின்றிருக்கும் நேரத்தில். இந்தச் சிரமத்துக்காகவே கோர்-நாட் போன்ற தானியங்கி முடிச்சுக் கருவிகளும், தையலையே போட்டுத் தரும் ராம், செயற்கை வால்வைச் சுற்றியுள்ள துணி விளிம்பான கஃபில் நூல் கோக்கும் சோ-ஈஸி போன்ற கருவிகளும் வந்தன. இவற்றைச் செய்வது அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள எல்எஸ்ஐ சொல்யூஷன்ஸ்.

நேரம் மிச்சமாகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கையால் முடியும்போது விரலுக்கு ஒரு சேதி வந்துகொண்டே இருக்கும்: நூல் சதையை அறுக்கிறது, வால்வு இன்னும் முழுதாக உட்காரவில்லை, இந்த இடம் சுண்ணாம்பு. கருவியில் அந்தச் சேதி வராது. ஒரு 'கிளிக்' மட்டும் வரும். அந்தச் சத்தம் கிளிப் நசுங்கியதைத்தான் சொல்கிறது; முடிச்சு இறுகியதைச் சொல்வதில்லை. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை. விரல் செய்த வேலையை இனி கண்ணும் கொக்கியும் செய்தாக வேண்டும்.

இது, சீனியர் சர்ஜன் பக்கத்தில் நிற்க இந்த அறுவைகளில் ஈடுபடும் இளம் சர்ஜன்களுக்கும் ஸ்க்ரப் சிஸ்டர்களுக்கும் தியேட்டர் டெக்னீஷியன்களுக்கும் எழுதியது. உங்கள் கையில் இருக்கும் மாடலுக்கு நிறுவனம் தந்த குறிப்பு இதிலிருந்து எங்காவது மாறுபட்டால் அந்தக் குறிப்பையே பின்பற்றுங்கள்.

கருவியின் வேலையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். நுனியில் ஒரு சின்ன டைட்டானியம் கிளிப், அதன் துளை வழியே ஒரு கம்பிக் கண்ணி. ஒரு தையலின் இரண்டு நூல் வால்களையும் கண்ணியில் நுழைத்து இழுத்தால் அவை கிளிப் வழியாக வெளியே வரும். நுனியைக் கஃப் மேல் வைத்து, நூலை இழுத்துப் பிடித்து, கைப்பிடியை முழுதாக அமுக்கினால் கிளிப் நசுங்கி நூலைக் கவ்வும், மிச்ச நூலும் அங்கேயே அறுபடும். தையல் போடும் கருவி வேறு வகை: தாடைக்கு நடுவில் திசுவை வைத்து அமுக்கினால் இரண்டு ஊசிகள் அதைத் துளைத்துப் போய், எதிர்முனையில் காத்திருக்கும் நூல் நுனிகளைக் கவ்வித் திரும்பும். பிளெட்ஜெட் (நூல் திசுவை அறுக்காமல் தாங்கும் சின்னத் துண்டு) வைத்த ஒரு மெத்தைத் தையல் ஒரே அமுக்கில் விழும்.

நூல் கண்ணியில் ஏறவில்லை, அல்லது பாதியில் சிக்கி நிற்கிறது

முதலில் நூல் நுனியைப் பாருங்கள். பிரிந்து பிசிறடித்திருந்தால், ரத்தம் உறைந்து ஒட்டியிருந்தால், சாய்வாக வெட்டிப் புது நுனி செய்யுங்கள். உப்புநீரில் நனைத்த துணியால் ஒரு தடவை துடையுங்கள். ஊசி வெட்டிய இடத்தில் முடிச்சோ மடிப்போ இருந்தால் அதற்குக் கீழே வெட்டுங்கள். நூலின் தடிமனும் கருவிக்குப் பொருந்த வேண்டும். வால்வுத் தையலில் வழக்கமாக வருவது 2-0 பின்னல் பாலியெஸ்டர். வேறு தடிமன் எடுத்தால் கிளிப் அதைக் கவ்வும் என்று நம்பிவிடாதீர்கள், அட்டையில் போட்டிருப்பதைப் படியுங்கள்.

சிக்கியதை வலுவாக இழுக்க வேண்டாம். கண்ணிக் கம்பி அறுந்தால் அந்த லோடு (கிளிப்பும் கண்ணியும் சேர்ந்த, ஒரு தடவைக்கான பகுதி) வீண், அவ்வளவுதான். ஆனால் இழுத்த வேகத்தில் வளையத்திலிருந்து (வால்வு உட்காரும் திசு விளிம்பு) தையல் பிய்ந்தால் அது பெரிய வேலை.

இதில் கவனமாகப் பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. கண்ணியில் ஒரு வால் மட்டும் ஏறி மற்றது வெளியே நழுவியிருக்கும். அல்லது பக்கத்துத் தையலின் வால் ஒன்று உள்ளே வந்திருக்கும். இரண்டிலும் கிளிப் அமுங்கும், சத்தம் வரும், எல்லாம் சரியாக நடந்தது போலவே இருக்கும். ஒற்றை நூலைக் கவ்விய கிளிப் எதையும் கட்டியிருக்காது. அமுக்குவதற்கு முன் இரண்டு வால்களையும் மாறி மாறி லேசாக இழுத்து, இரண்டும் ஒரே பிளெட்ஜெட்டை அசைக்கின்றனவா என்று பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். ஸ்க்ரப் சிஸ்டர் 'இரண்டு' என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே அமுக்குவது என்ற ஒழுங்கு எனக்குப் பிடித்தது. நிற நூல்களை ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றிப் போட்டிருந்தால் இந்தத் தவறு பாதி குறையும்.

அமுக்கியாயிற்று, நூல் அறுபடவில்லை

கைப்பிடி கடைசி வரை வந்ததா? பாதியில் விட்டுவிட்டு மறுபடி அமுக்கும் பழக்கம்தான் பெரும்பாலும் காரணம். மணிக்கட்டு மடங்கிய நிலையில், கீறலின் ஓரத்தில் கை இடித்துக்கொண்டிருக்கும்போது முழு அமுக்கு வராது. நின்ற இடத்தை மாற்றிக்கொண்டு முழுவதும் அமுக்குங்கள். பிறகும் அறுபடவில்லை என்றால் கருவியை ஆட்டிப் பிடுங்கக் கூடாது. கைப்பிடியை முழுதாக விடுவித்து, நூலைத் தளர்த்தி, நூல் வழியாகவே கருவியை மெதுவாகப் பின்னால் நழுவவிடுங்கள். நகரவில்லை என்றால் கருவிக்கு வெளியே நீட்டி நிற்கும் நூலை வெட்டிவிட்டு நழுவவிடுங்கள்.

கிளிப் தெரிந்ததும் அது நன்றாக நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நசுங்கியிருந்தால் மிச்ச நூலைக் கத்தரியால் கிளிப்புக்கு மேல் சிறு வால் விட்டு வெட்டலாம். அரைகுறையாக நசுங்கிய கிளிப்பை ஃபோர்செப்ஸால் நெரித்துச் சரிசெய்யும் எண்ணம் யாருக்கும் வரும். வேண்டாம். அது அப்போதைக்கு இறுகியதாகத் தெரிந்து, இதயம் துடிக்கத் தொடங்கியபின் நழுவும். நூல் நீளம் போதுமென்றால் அந்தக் கிளிப்பை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கிளிப் ஆடுகிறது: கஃபுக்கும் கிளிப்புக்கும் நடுவே நூல் தெரிகிறது

இதுதான் முக்கியமான அறிகுறி. கையால் போட்ட முடிச்சு தளர்ந்திருந்தால் மேலே இன்னொரு சுற்றுப் போட்டு ஓரளவு சமாளிக்கலாம். கிளிப்பில் அந்த வாய்ப்பு கிடையாது. நூல் அறுபட்டாயிற்று, இறுக்கப் பிடிக்க வால் இல்லை.

எனவே ஒவ்வொரு கிளிப்பையும் அடுத்ததற்குப் போகும் முன் சோதிக்க வேண்டும். மழுங்கிய நெர்வ் ஹுக்கை கிளிப்புக்குக் கீழே கொண்டுபோய் மெதுவாகத் தூக்குங்கள். கொக்கி நூலுக்கு அடியில் நுழைந்தால் அது தளர்ச்சி. எல்லாம் போட்டு முடித்தபின் மொத்தமாகச் சோதித்துக்கொள்ளலாம் என்பது சரிப்படாது. பக்கத்துக் கிளிப்புகள் வால்வை இழுத்துப் பிடித்திருக்கும்போது எது முதலில் தளர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஏன் தளர்கிறது? நான்கு காரணங்களை வரிசையாகப் பாருங்கள். வால்வு வளையத்தில் முழுதாக உட்காராமல் இருக்கும்போதே முதல் கிளிப்பைப் போட்டிருக்கலாம்; மற்ற கிளிப்புகள் அதைக் கீழே இழுத்ததும் முதலாவது தளர்ந்துவிடும். சிறு கீறலில் வால்வின் ஒரு ஓரம் கண்ணுக்கு மறைந்தே இருப்பதால் இது அடிக்கடி நேரும். ஸ்கோப்பை (கேமராக் குழாய்) சுற்றி வரச் செய்து, கஃபின் முழுச் சுற்றும் வளையத்தோடு ஒட்டியதைப் பார்த்த பிறகே தொடங்குங்கள். தொடங்கும்போதும் அடுத்தடுத்துப் போகாமல் எதிரெதிர் இடங்களில் போட்டு வால்வைச் சமமாக இறக்குங்கள். இரண்டாவது, கருவி நுனி கஃபைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. மூன்றாவது, நுனி சாய்ந்து ஒரு விளிம்பு மட்டும் கஃபில் பட்டது. இது அயோர்ட்டிக்கில் இடது கொரோனரிப் பக்கத்திலும், மைட்ரலில் கீறலிலிருந்து பார்க்க மறைவான மூலைகளிலும் அதிகம். நான்காவது, ஒரு வாலை இறுக்கி மற்றதைத் தளரப் பிடித்தது.

தளர்ந்த கிளிப்பை அகற்றும் முறை: வலுவான ஃபோர்செப்ஸால் கிளிப்பை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். பிடித்தபின் மட்டுமே அதன் அடியில் நூலை வெட்ட வேண்டும். வரிசை மாறினால் அடுத்த பத்தியில் வரும் ஆபத்தை நீங்களே வரவழைத்ததாகிவிடும். கிளிப்பையும் நூலையும் பிளெட்ஜெட்டையும் எண்ணி சிஸ்டரிடம் கொடுங்கள். பிறகு அந்த இடத்தில் புதுத் தையல். அயோர்ட்டிக்கில் பிளெட்ஜெட் கீழறைப் பக்கம் இருந்தால் வால்வு உட்கார்ந்தபின் அதை எடுப்பது எளிதல்ல. அயோர்ட்டாச் சுவரின் வெளிப்புறமிருந்து உள்ளே வந்து கஃபில் கோக்கும் தையல் அப்போது கைகொடுக்கும். கொரோனரி வாய் (இதயத் தசைக்கு ரத்தம் தரும் தமனியின் திறப்பு) இருக்கும் பக்கத்தில் இதைச் செய்யும் முன் சீனியரை அழையுங்கள்.

கிளிப் காணோம்

கைகளை நிறுத்துங்கள். 'கிளிப் விழுந்தது' என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். சங்கடப்பட்டுக்கொண்டு தனக்குள் தேடும் ஒரு நிமிடத்தில் உறிஞ்சு குழாயான சக்கர் அதை எங்காவது இழுத்துப் போயிருக்கும்.

இதய-நுரையீரல் பம்ப்பை ஓட்டும் பெர்ஃப்யூஷனிஸ்டிடம் வென்ட்டையும் (இதயத்தை வடிக்கும் குழாய்) சக்கரையும் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். உப்புநீரைப் பீய்ச்சிக் கழுவாதீர்கள். கிளிப் வால்வின் திறப்பு வழியாக இடது கீழறைக்குள் இறங்கிவிடும். கொரோனரி வாய்க்குள் நேரடியாகக் கார்டியோபிளீஜியா (இதயத்தை நிறுத்திக் காக்கும் திரவம்) கொடுக்கும் நேரம் வந்திருந்தாலும், வாயைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் கொடுக்க வேண்டாம். பிறகு ஸ்கோப்பால் வரிசையாகப் பாருங்கள்: கருவியின் நுனி, நுனிக் குழல், கீறலைச் சுற்றிய துணி, ரிட்ராக்டர் மடிப்பு, சைனஸ்கள் (அயோர்ட்டா அடியின் குழிவுகள்), இரண்டு கொரோனரி வாய்கள், கஃபின் மேல் விளிம்பு, கடைசியாகக் கீழறை. பல சமயம் அது கருவி நுனியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் கருவியை உதறாமல் சிஸ்டரிடம் கொடுத்துத் துணி மேல் தட்டச் சொல்லுங்கள்.

கீழறைக்குள் போனதாகத் தெரிந்தால், உறிஞ்சுவது பம்ப் ரிசர்வாயருக்குப் போகாத தனி சக்கராக இருக்கட்டும். வந்ததைத் துணியில் வடிகட்டிப் பார்க்க முடிய வேண்டும். உணவுக்குழாய் எக்கோவில் இவ்வளவு சிறிய உலோகம் காற்றுக் குமிழி போலத் தெரிந்து குழப்பலாம். சி-ஆர்ம் (தியேட்டர் எக்ஸ்ரே) உதவும்: போட்ட கிளிப்புகள் வால்வைச் சுற்றி வட்டமாக நிற்கும், வட்டத்துக்கு வெளியே தனித்து நிற்பதே நீங்கள் தேடுவது.

கண்டுபிடிக்காமல் கிளாம்பை எடுப்பதா? துடிக்கத் தொடங்கிய இதயம் அதை மூளைக்கோ கொரோனரிக்கோ அனுப்பலாம். எனவே தேடலுக்கு நேரம் கொடுங்கள். அதே நேரம் கார்டியோபிளீஜியா கொடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்று பெர்ஃப்யூஷனிஸ்ட் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். இதயத் தசையின் காப்பை இழந்து கிளிப்பைக் கண்டுபிடித்துப் பயனில்லை.

தையல் கருவியின் தாடை மூடவில்லை, அல்லது ஒரு ஊசி மட்டும் நூலோடு வந்தது

சுண்ணாம்பு. பெரும்பாலும் வேறு காரணம் தேட வேண்டாம். இந்த ஊசிகளுக்கு வழி முன்கூட்டியே வகுக்கப்பட்டது. கையிலுள்ள நீடில் ஹோல்டர் போலச் சுண்ணாம்பைச் சுற்றிப் போகத் தெரியாது. அமுக்கும்போது கைப்பிடி கல் போல நின்றால் விட்டுவிடுங்கள். வலுவாக அமுக்கினால் ஊசி வளையும், நூல் நுனியைத் தவறவிடும், சுண்ணாம்புத் துண்டு உடைந்து கீழறைக்குள் விழும்.

தாடையைத் திறந்து எடுத்து, வளையத்தை மறுபடி சுத்தம் செய்யுங்கள். சுண்ணாம்பு ஆழமாக இறங்கி, முழுதாக எடுத்தால் வளையமே கிழியும் என்ற இடங்களில் அந்த ஓரிரு தையல்களைக் கையால் போடுவதே நல்லது. எல்லாத் தையலும் கருவியால்தான் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. நம் ஊரில் ருமாட்டிக் நோயால் இறுகித் தடித்த மைட்ரல் வால்வுகள் இன்னும் நிறைய வருகின்றன. அவற்றில் வளையம் ஒரு பக்கம் மென்மையாகவும் மறுபக்கம் கல்லாகவும் இருப்பதுண்டு, ஆகவே கலப்பாகச் செய்யத் தயாராகவே போங்கள்.

ஒரு காலில் மட்டும் நூல் ஏறியிருந்தால் அந்தத் தையலை முழுதாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பிளெட்ஜெட்டும் நூல் நுனியிலுள்ள உலோகத் துண்டுகளும் எண்ணிக்கையில் வர வேண்டும்.

பம்ப்பிலிருந்து இறங்கும்போது எக்கோவில் கசிவு தெரிகிறது

முதல் கேள்வி: கஃபுக்கு வெளியே கசிகிறதா, உள்ளேயா? இரண்டுக்கும் வழி வேறு.

வெளியே என்றால் இடத்தைக் கடிகார முகத்தில் குறியுங்கள். மைட்ரலுக்கு சர்ஜன் பார்வையில் அயோர்ட்டிக் வால்வு 12 மணி. எக்கோ பார்ப்பவரும் சர்ஜனும் ஒரே கடிகாரத்தைப் பேசுகிறார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முப்பரிமாணப் படத்தைத் திருப்பி வைத்துக் காட்டினால் குழப்பம் தீரும். பிறகு தையல் வரிசையைப் பாருங்கள். முடிச்சுப் போடும்போதே தொந்தரவு கொடுத்த தையலை 'ஏழு மணி, இரண்டாம் முறை' என்று யாராவது பலகையில் எழுதி வைத்திருந்தால் இந்த இடத்தில் தங்கம். பெரும்பாலும் கசிவு அங்கேதான் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: அயோர்ட்டிக் செயற்கை வால்வின் முன்பக்கம், வால்வின் சொந்த நிழலில் மறைந்து நடு உணவுக்குழாய்ப் பார்வையில் தெரியாமல் போகும். இரைப்பை வழிப் பார்வையிலும் பார்க்காமல் 'கசிவு இல்லை' என்ற முடிவுக்கு வர வேண்டாம்.

எல்லாக் கசிவுக்கும் திரும்பிப் போக வேண்டியதில்லை. இரண்டு இதழ் கொண்ட உலோக வால்வுகளில் கீல் பக்கம் தெரியும் மெல்லிய கழுவு தாரைகள் அந்த வடிவமைப்பின் பகுதி. கஃபின் துணியிலும் ஊசித் துளையிலும் வரும் நூலிழைக் கசிவுகள், ஹெப்பாரினை முறிக்கும் புரோட்டமின் கொடுத்தபின் மறைபவை. ஆனால் தாரைக்கு அகலமான கழுத்து இருந்தால், கஃபின் ஓரம் ஆடுவது தெரிந்தால், மிதமான அளவோ அதற்கு மேலோ இருந்தால், மறுபடி கிளாம்ப். மைட்ரலில் என் அளவுகோல் இன்னும் கறார்: கீழறையின் முழு அழுத்தமும் அந்தச் சிறு இடைவெளி வழியே பாய்வதால், அளவில் சிறிய கசிவுகூடச் சிவப்பணுக்களை அரைத்துவிடும். வீட்டுக்குப் போன நோயாளி ரத்தசோகையோடு திரும்புவார்.

திரும்பிப் போய்ப் பார்த்தால் கிளிப் இறுக்கமாகவே இருக்கிறது, ஆனாலும் கசிந்தது என்றால், இரண்டு தையல்களுக்கு நடுவில் இடைவெளி அதிகம், அல்லது தையல் வளையத்தை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. கருவியின் இழுவை விரலுக்குத் தெரியாததால் இளகிய திசுவில் இந்த இரண்டாவது வகை நடக்கும். பிளெட்ஜெட்டோடு கூடுதல் தையல் போட்டு, அதைக் கையால் முடியுங்கள்.

கசிவு வால்வின் உள்ளே, அல்லது வட்டு முழுதாகத் திறக்கவில்லை

இங்கே சந்தேகம் கிளிப் நிற்கும் திசை மீது. கையால் போட்ட முடிச்சு மென்மையானது, வளையும். டைட்டானியம் வளையாது. திசு வால்வின் இதழ் ஒவ்வொரு துடிப்பிலும் கிளிப்பின் விளிம்பில் பட்டால் காலப்போக்கில் அங்கே துளை விழலாம். இப்படி இதழ் துளைத்த நோயாளிகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அறுவை முடிந்த அன்று எக்கோ சுத்தமாக இருந்து, பிறகு கசிவு தொடங்குவதுதான் இதன் போக்கு. ட்ரைஃபெக்டா, மைட்ரோஃப்ளோ போல இதழைச் சட்டத்தின் வெளிப்பக்கம் பொருத்திய வால்வுகளில் இதழ் கிளிப்புக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது.

தடுப்பது கைக்குள் இருக்கிறது. கருவியின் நுனியைக் கஃபின் வெளி விளிம்பில், வால்வின் மையத்தை விட்டு விலக்கி வையுங்கள். கிளிப் போட்டதும் அது அயோர்ட்டாச் சுவர்ப் பக்கம் சாய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். உள்ளே சாய்ந்த கிளிப்பை எடுத்துவிட்டு மறுபடி போடத் தயங்காதீர்கள். ஐந்து நிமிடம் போகும், போகட்டும்.

மைட்ரல் திசு வால்வில் இன்னொரு வினை, நூல் வால்வின் தூணைச் சுற்றிக்கொள்வது. இதழ் ஒன்று கட்டப்பட்டு அசையாது. தூண்களை உள்ளே இழுத்துப் பிடிக்கும் ஹோல்டர் உள்ள வால்வானால், நிறுவனக் குறிப்பு சொல்லும் கட்டம் வரை அதைக் கழற்றாதீர்கள். கழற்றியபின் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியோ ஸ்கோப்போ கொண்டு மூன்று தூண்களின் அடியையும் பாருங்கள்.

உலோக வால்வில் வட்டை அதற்குரிய சோதனைக் குச்சியால் அசைத்துப் பாருங்கள். உலோகக் கருவியால் தொடக் கூடாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ராவில் உருவாகி 1990 முதல் நம் நோயாளிகளுக்குப் பொருத்தப்படும் சித்ரா வால்வு போன்ற ஒற்றை வட்டு வகைகளில் நீண்ட நூல் வாலோ, உள்ளே நீட்டிய எதுவுமோ வட்டைத் தடுத்தால் முழு வால்வும் நின்றுவிடும். இரண்டு இதழ் வகையில் ஒன்று நின்றாலும் மற்றது வேலை செய்வதால் தியேட்டரில் அது கண்ணில் படாமல் போகும் அபாயம் தனி. அங்கே எக்கோவில் இரண்டு இதழும் தனித்தனியே திறப்பதைக் கேட்டுப் பெறுங்கள்.

இசிஜி மாறுகிறது

கீழ்ப்பக்க லீட்களில் எஸ்டி உயர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது காற்று. வலது கொரோனரி வாய் முன்புறம், அதாவது மேலே இருப்பதால் மிச்சக் குமிழி அங்கேதான் போகும். ரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தி, பம்ப்பில் பொறுத்திருங்கள். அது சரியாகவில்லை, வலது கீழறையும் மந்தமாக இருக்கிறது என்றால் வாயைக் கிளிப்போ கஃபோ மறைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மைட்ரலுக்குப் பின் பக்கவாட்டுச் சுவர் அசையவில்லை, வி5, வி6, ஏவிஎல் மாறுகின்றன என்றால் சர்க்கம்ஃப்ளெக்ஸ் தமனி. அது வளையத்தின் பின்-பக்கவாட்டு ஓரத்தை ஒட்டிப் போகிறது. இடது கொரோனரி ஆதிக்கம் உள்ளவர்களில் இன்னும் பக்கம். அந்த மூலையில் போட்ட தையலை நினைவுகூர்ந்து, ஆஞ்சியோவுக்கோ தையலை எடுப்பதற்கோ தாமதிக்காமல் முடிவெடுங்கள்.

முழு இதய அடைப்பு என்றால், அயோர்ட்டிக்கில் வலது இதழும் கொரோனரி இல்லாத இதழும் சேரும் இடத்துக்குக் கீழே உள்ள சவ்வுச் சுவர், மைட்ரலில் பின்-உள் மூலை. கார்டியோபிளீஜியாவின் மிச்சமும் பொட்டாசியமும் இதையே செய்யும் என்பதால் பேசிங் ஒயர் போட்டு, பொட்டாசியம் பார்த்து, காத்திருப்பது வழக்கம்.

வீட்டுக்குப் போனபின் வரும் அறிகுறிகள்

கட்டஞ்சாயா (பால் இல்லாத தேநீர்) நிறத்தில் சிறுநீர், மஞ்சள் கண், சோர்வு: சிவப்பணு அழிவு. ரத்தத்தில் அதைக் காட்டும் எல்டிஹெச், ஹாப்டோகுளோபின் பார்த்து, எக்கோவில் கஃபைச் சுற்றித் தேடுங்கள். காய்ச்சல் என்றால் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சர். இதை நோயாளியின் ஊர் டாக்டருக்கும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதி அனுப்புங்கள். உலோக வால்வின் 'டிக் டிக்' மங்கினால் அன்றே வரச் சொல்லுங்கள், ஐஎன்ஆரும் (ரத்தம் உறையும் அளவைக் காட்டும் சோதனை) ஃபுளோரோவும் (அசைவைக் காட்டும் எக்ஸ்ரே) தேவை. எக்ஸ்ரேயில் வால்வைச் சுற்றிப் புள்ளிகள் தெரிவதைக் கண்டு வேறு ஊர் ஸ்கேன் மையங்கள் திகைப்பதுண்டு. அவை கிளிப்புகள். டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது; எம்ஆர்ஐ எடுக்கும் நிபந்தனைகள் இம்பிளான்ட் அட்டையில் இருக்கும், அட்டையை நோயாளி கையில் கொடுத்துவிடுங்கள்.

தியேட்டரை விட்டு வெளியேறும் முன்

கருவி மக்கர் செய்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். லாட் எண் உள்ள உறையோடு எடுத்து வையுங்கள். நம் நாட்டில் மருத்துவக் கருவிகளின் பாதகங்களைப் பதியும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் 2015-இல் தொடங்கியது. காசியாபாத்திலுள்ள இந்திய பார்மகோபியா ஆணையம் அதை நடத்துகிறது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றாலும் படிவம் நிரப்பலாம். நிரப்ப வேண்டும் என்றே கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த வகைக் கோளாறுகள் ஒரே தியேட்டரில் அபூர்வமாகவே வரும். பல தியேட்டர்களின் பதிவுகள் சேர்ந்தால்தான் ஒரு லாட்டின் பழுது வெளியே தெரியும்.

இன்னொன்று, விலையை நினைத்து ஒரு தடவைக்கான லோடையோ கருவியையோ ஸ்டெரிலைஸ் செய்து மறுபடி எடுப்பது. கிளிப்பை நசுக்கும் பாகம் தேய்ந்தது வெளியே தெரியாது. சத்தம் மட்டும் அதே மாதிரி வரும். காசு போதவில்லை என்றால் நாட் புஷரை எடுத்துக் கையால் முடியுங்கள், அது முழுக்க மரியாதையான வழி. கருவி இருக்கும் நாளிலும் நாட் புஷர் மேஜையில் திறந்தே இருக்க வேண்டும். இளையவர்கள் டிரெயினரில் நீளக் கருவியால் முடியப் பழகாமல் இந்தக் கருவியை முதலில் கையில் எடுக்கக் கூடாது என்பது என் திடமான எண்ணம்.

அறுவைக் குறிப்பில் நான்கு விவரங்கள் போகட்டும்: போட்ட கிளிப் எத்தனை, எடுத்தது எத்தனை, எந்த மணி நிலையில் மறுதையல், லாட் எண். பல வருடம் கழித்து அந்த வால்வுக்குள் கதீட்டர் வழியாக இன்னொரு வால்வு வைக்க வருபவருக்கும், கசிவைத் தேடி வருபவருக்கும் அந்த நான்கு வரியும் வேண்டியிருக்கும்.